ஈரத் தரைக்கு ஒரு வண்டி

பூரணியம்மாவிடம் தெய்வநாயகம் வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது அறுபத்திரண்டு. அம்மாவுக்கு நாற்பத்து நான்கு.

அவர் நெடுஞ்சாலைத் துறையில் முப்பத்தைந்து வருடம் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். விருதுநகர்க்காரர். அம்மா அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்து, ஒருநாள் திடீரென்று ‘இது போதும்’ என்று தோன்றி மலையேறியவர். பழனி மலைத்தொடரின் மேல்பக்கத்தில், தார்ச்சாலை முடிந்துபோகிற இடத்தில், ஓடு வேய்ந்த ஒரு நீளக் கட்டடத்தில் இருந்தார். அதைக் குடில் என்பார்கள். வருகிறவர்களுக்குச் சோறு உண்டு. காலையில் ஒரு மணி நேரம் எல்லோரும் சேர்ந்து சும்மா உட்கார்வது உண்டு. உபதேசம் கிடையாது. யாராவது கேட்டால் பதில் சொல்வார். பல நேரம் அதுவும் சொல்ல மாட்டார்.

தெய்வநாயகம் அவரை அம்மா என்று கூப்பிட்டார். அவர் தெய்வநாயகத்தை அண்ணே என்று கூப்பிட்டார். முதல் இரண்டு நாள் இரண்டு பேருக்கும் கூச்சமாக இருந்தது. அப்புறம் பழகிவிட்டது.

அவர் ஒரு கேள்வியோடுதான் வந்திருந்தார். ஒன்றரை மாதமாகியும் அதைக் கேட்கவில்லை. குடில் கூரையில் உடைந்த ஓடுகளை மாற்றினார், தண்ணீர்க் குழாயைச் சரிசெய்தார், சமையலறைப் புகைபோக்கியை உயர்த்திக் கட்டினார். ஒருநாள் காலை இருவரும் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தபோது, எதிர்பாராமல் கேள்வி வாயிலிருந்து விழுந்தது.

“அம்மா, என் மககிட்ட எப்படிப் போறது?”

“எங்க இருக்கா?”

“மதுரையில.”

“பஸ் இருக்கே அண்ணே.”

அவர் சிரிக்கவில்லை. அம்மா கத்தியைக் கீழே வைத்தார்.

தெய்வநாயகம் சொன்னார். மகள் பெயர் தேன்மொழி. ஒரே பெண். மனைவி போய் ஆறு வருடமாகிறது. போன வருடம் ஆடியில் தேன்மொழிக்கு எட்டு மாதம். திடீரென்று ரத்த அழுத்தம் ஏறி, பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது. பெண் குழந்தை. மூன்றாம் நாள் அவர் மகளின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசினார். வாரா வாரம் அழுத்தம் பார்த்திருக்க வேண்டும். ஆறாம் மாதமே வேலைக்கு லீவு போட்டிருக்க வேண்டும். அடுத்த முறை எந்த டாக்டரிடம் போக வேண்டும், எந்த மாதத்தில் என்ன பரிசோதனை. மறந்துவிடக் கூடாதே என்று ஒரு தாளில் வரிசையாக எழுதியே கொண்டுபோயிருந்தார்.

“கேட்டுட்டு இருந்தா. நடுவுல சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துட்டா. அவ்வளவுதான். இன்னிய வரைக்கும் என் போனை எடுக்கல. மாப்பிள்ளைதான் எடுப்பார். நல்லா இருக்கா மாமான்னு சொல்லிட்டு வச்சிடுவார்.”

தெய்வநாயகம் ஒரு பீன்ஸை எடுத்து நார் உரித்தார்.

“நான் சொன்னதுல ஒரு தப்பும் இல்லம்மா. பின்னாடி டாக்டரே அதைத்தான் சொன்னார்.”

அம்மா மறுபடி கத்தியை எடுத்து மீதி இருந்த பீன்ஸை நறுக்கி முடித்தார். முறத்தைத் தட்டினார்.

“அண்ணே, மேட்டுல சாஞ்சு கெடக்குற மரத்தையெல்லாம் எப்படிக் கொண்டு வர்றது?”

தெய்வநாயகத்துக்கு முகம் வாடிவிட்டது. தன் கேள்வியை அம்மா காதில் வாங்கவில்லை என்று நினைத்தார். ஆனால் முப்பத்தைந்து வருடப் பழக்கம் சும்மா விடுமா? சாப்பாட்டுக்கு முன்பே அளவு நாடாவை எடுத்துக்கொண்டு மேட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

கார்த்திகைப் புயலில் மேட்டின் மேல், மலைக்காரர்கள் விறகுக்கு எரிக்கிற சீகை மரங்கள் பதினாறு வேரோடு சாய்ந்திருந்தன. இடமும் மரமும் குடிலுக்குச் சொந்தமானவை. அறுத்துத் துண்டு போட்டாகிவிட்டது. ஒவ்வொரு துண்டும் நான்கடி நீளம், இரண்டு பேர் பிடித்தால்தான் தூக்க முடியும். மார்கழிக் குளிருக்குக் குடில் அடுப்புக்கும், கீழே இருந்த முப்பது வீட்டு அடுப்புகளுக்கும் அந்த விறகு போதும். கீழ்வீடுகளில் ஆண்களெல்லாம் எஸ்டேட்டுக்குப் போய்விடுவார்கள். பெண்கள்தான் தலைச்சுமையாக விறகு கொண்டுவருவது. இந்தத் துண்டுகள் தலைக்கு ஆகாது.

மேட்டுக்கும் குடிலுக்கும் நடுவில் ஒரு புல்வெளி. பார்க்கப் பச்சைக் கம்பளம். கால் வைத்தால் அசையும். வருடம் முழுக்க அடியில் தண்ணீர் நிற்கிற நிலம். அந்தத் தண்ணீர் கசிந்து இறங்கிக் கீழே ஒரு பாறையிடுக்கில் ஊற்றாக வருகிறது. முப்பது வீடும் குடிப்பது அதைத்தான். சுற்றிக்கொண்டு போக வழியில்லை. ஒரு பக்கம் பள்ளம், மறுபக்கம் பாறை. போன வருடம் யாரோ ஒரு டிராக்டரை அதில் இறக்கிவிட்டார்கள். ஊற்று ஒரு மாதம் சேறாக வந்தது. குழந்தைகளுக்கெல்லாம் வயிற்றுப்போக்கு.

அதனால்தான் மோட்டார் வைத்த தள்ளுவண்டி ஒன்று வாங்கிவிடலாம் என்று குடிலும் கீழ்வீடுகளும் சேர்ந்து முடிவு செய்திருந்தன. எது என்றுதான் யாருக்கும் தெரியவில்லை.

“நீங்க பார்த்துச் சொல்லுங்கண்ணே. எனக்கு வண்டி பத்தி ஒண்ணும் தெரியாது” என்றார் அம்மா.

தெய்வநாயகம் நான்கு நாள் போனும் கையுமாக இருந்தார். திண்டுக்கல்லில் விவசாயக் கருவிகள் விற்கும் ஜெயசீலன் என்பவரிடம் மணிக்கணக்கில் பேசினார். ஐந்தாம் நாள் ஒரு பெரிய தாளில் கட்டம் போட்டு அம்மா முன்னால் விரித்தார்.

“இது ஒத்தைச் சக்கரம், பேட்டரி. தோட்டத்துக்குச் சரி, இங்க முதல் அடியிலேயே புதைஞ்சிடும். இது நாலு சக்கரம், பெட்ரோல். இதுவும் ஆகாது, பாரம் முழுக்க நாலு புள்ளியில நிக்குது. இது ரப்பர் பட்டை வண்டி. ரெண்டு பக்கமும் செயின் வண்டி மாதிரி பட்டை ஓடும், ஆனா ரப்பர். பாரம் பரவி நிக்கும். இதுல சின்னது பெருசு ரெண்டு இருக்கு. பெருசு ஐநூறு கிலோ இழுக்கும்.”

அம்மா தாளை ரொம்ப நேரம் பார்த்தார்.

“இதுல நம்ம புல்வெளி எங்கண்ணே இருக்கு?”

“இதோ, கடைசிக் கட்டம்.” அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. “ஒரு சதுர சென்டிமீட்டர்ல எவ்வளவு அழுத்துதுன்னு கணக்குப் போட்டிருக்கேன். பெரிய வண்டி, முழுப் பாரம். அப்பக்கூட நடக்குற மனுஷனோட ஒத்தைக் கால் அழுத்துறதைவிடக் கம்மி.”

“அப்படியா!” அம்மாவுக்கு நிஜமாகவே ஆச்சரியம். “நீங்க நடந்து பார்த்தீங்களா?”

“ஓரத்துல கம்பியை இறக்கிப் பார்த்தேன். எவ்வளவு தாங்கும்னு தெரியும்.”

“சரிண்ணே” என்றார் அம்மா.

பெரிய வண்டி ஒரு வெள்ளிக்கிழமை லாரியில் வந்து இறங்கியது. பிடிக்கவில்லை என்றால் பத்து நாளில் மாற்றிக்கொள்ளலாம் என்று ஜெயசீலன் சொல்லியிருந்தார். சிவப்பு வண்டி. கீழ்வீட்டுப் பெண்கள் எல்லோரும் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். காத்தாயி என்கிற ஐம்பது வயதுக்காரி அதன் பட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “எருமை நாக்கு மாதிரி இருக்கு இஞ்சினியரய்யா” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். தெய்வநாயகமும் சிரித்தார்.

முதல் நடை அருமையாகப் போனது. துண்டுகளை ஏற்றி, பின்னால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அவர் நடந்தார். வண்டி புல்லின் மேல் படகு மாதிரி வந்தது. குடில் வாசலில் கைதட்டினார்கள். அம்மா ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து கொடுத்தார். இரண்டாவது நடையும் அப்படியே. மூன்றாவதும்.

நான்காவது நடையில், புல்வெளியின் நட்டநடுவில், மேலே இருந்த ஒரு துண்டு சரிந்து ஒரு பக்கமாகச் சாய்ந்தது. வண்டியும் கொஞ்சம் சாய்ந்தது. வண்டியை நேராக்கலாம் என்று தெய்வநாயகம் ஒரு பக்கத்துப் பட்டையை நிறுத்தி மறுபக்கத்தை ஓட்டினார். சாலை வேலையில் பட்டை வண்டிகளையெல்லாம் அப்படித்தான் திருப்புவார்கள்.

வண்டி திரும்பியது. அதோடு சேர்ந்து புல்லும் திரும்பியது.

பாயைச் சுருட்டுகிற மாதிரி புல்தோல் உரிந்து வந்தது. அடியில் கன்னங்கரேலென்று சேறு. அவர் பதறிப்போய் இன்னும் வேகம் கொடுத்தார். பட்டை சுற்றியது, வண்டி இறங்கியது. எஞ்சினை அணைத்தபோது துண்டு அடுக்கிய தட்டு வரைக்கும் சேற்றில் இருந்தது.

துண்டுகளையெல்லாம் இறக்கி, பலகை போட்டு, கயிறு கட்டி எட்டுப் பேர் இழுத்தார்கள். வெளியே எடுக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. யாரும் அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது.

மறுநாள் காலை காத்தாயி குடத்தோடு வந்தாள். குடத்தைச் சாய்த்துக் காட்டினாள். தண்ணீர் கறுப்பாக இருந்தது.

“ஊத்து கலங்கி வருது.”

தெய்வநாயகம் தலையைக் குனிந்துகொண்டார்.

“அட, அதுக்கென்ன இப்ப. தெளிஞ்சிரும். டிராக்டருக்கு இது எவ்வளவோ தேவலை” என்றாள் காத்தாயி. “அதுவரைக்கும் உங்க தொட்டியில புடிச்சுக்கிறோம். இதைச் சொல்லிட்டுப் போலாம்னுதான் வந்தேன்.”

அவள் போன பிறகு அவர் அம்மாவைத் தேடினார். அம்மா புல்வெளியின் நடுவில் இருந்தார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, உரிந்துபோன புல்தோலை ஒவ்வொரு துண்டாக எடுத்து, பழைய இடத்தில் பொருத்தி, உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டிருந்தார்.

தெய்வநாயகம் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் எதிரில் உட்கார்ந்தார். அவரும் ஒரு துண்டை எடுத்தார்.

கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: “கணக்குல ஒரு தப்பும் இல்லம்மா.”

“இல்லண்ணே. தப்பே இல்ல.”

அம்மா அடுத்த துண்டை எடுத்தார். தெய்வநாயகத்தின் கையில் இருந்த துண்டு தலைகீழாக இருந்தது. அம்மா அதை வாங்கித் திருப்பி, அவர் கையிலேயே திரும்பக் கொடுத்தார்.

உச்சி வெயில் வரைக்கும் இரண்டு பேரும் அந்த வேலையைச் செய்தார்கள். தன் இரண்டு கைகளும் இவ்வளவு நேரம் தரையிலேயே இருந்தது சின்ன வயசுக்கு அப்புறம் இப்போதுதான் என்று தெய்வநாயகத்துக்குத் தோன்றியது. சேறு வெதுவெதுப்பாக இருந்தது. சிவப்பாக மெல்லிய புழுக்கள் இருந்தன. ஒவ்வொரு புல்லின் அடியிலும் நூல் மாதிரி வேர்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தன. மேலே நின்று பார்த்தபோது இதெல்லாம் தெரிந்திருக்கவில்லை.

சாப்பிட்ட பிறகு அம்மா அவரை மேட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே கிடந்ததில் சின்னத் துண்டு ஒன்றைக் காட்டினார்.

“ஒரு பக்கம் நீங்க புடிங்க. ஒரு பக்கம் நான்.”

“வண்டியைக் கழுவி வச்சிருக்கேன். அதுலயே…”

“புடிங்கண்ணே.”

அம்மா முன்னால். தெய்வநாயகம் பின்னால். தோளில் துண்டை வைத்துக்கொண்டு புல்வெளிக்குள் இறங்கினார்கள். பத்தடி போனதும் அம்மா நின்றார். அவரும் நின்றார். அம்மா கிளம்பினார். ஏழெட்டடி. மறுபடி நின்றார். இந்த முறை ரொம்ப நேரம். தெய்வநாயகத்துக்குத் தோள் கடுத்தது.

“ஏன் நின்னுட்டீங்க?”

“கால் இறங்குது.”

“வேகமா எடுத்து வச்சா இறங்காதும்மா. நிக்கிறதாலதான் இறங்குது.”

“கொஞ்சம் பொறுங்க.”

அவர் பொறுத்தார். வேறு வழியில்லை. நின்றுகொண்டே முதல்முறையாகத் தன் காலைப் பார்த்தார். பாதம் மெல்ல அமுங்கிற்று. பாதத்தைச் சுற்றித் தண்ணீர் கசிந்து வந்தது. அப்புறம் ஏதோ ஓரிடத்தில், வேரும் சேறும் சேர்ந்து, அது நின்றுகொண்டது. அதற்கு மேல் இறங்கவில்லை.

அம்மா கிளம்பினார். அவர் எப்போது கிளம்புவார் என்று இப்போது தெய்வநாயகத்துக்கு முன்கூட்டியே தெரிந்தது. துண்டு ஆடாமல் போனது. நடுவில், நேற்று உரிந்த இடத்துக்கு வெகுதூரம் முன்னாலேயே அம்மா வளையத் தொடங்கினார். பெரிய வளைவு. திரும்புகிறோம் என்று தோன்றாத மாதிரி திரும்பினார்.

குடில் வாசலில் துண்டை இறக்கி வைத்தபோது அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. தெய்வநாயகம் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

“உங்களுக்கு எதுக்கும்மா இந்த வேலை? கழுத்து வலி வேற.”

“உங்களைத் தனியா அனுப்பினா தாளை எடுத்துட்டுப் போயிருப்பீங்களே” என்று அம்மா சிரித்தார்.

அடுத்த நாள் வண்டியைத் திரும்பக் கொண்டுபோக லாரி வந்தது. தெய்வநாயகமே கூடப் போனார். ஜெயசீலன் கடை வாசலில் வண்டியை இறக்கியதும் கழுவியும் போகாமல் பட்டையின் இடுக்கில் காய்ந்திருந்த சேற்றைப் பார்த்துவிட்டு, “புதைஞ்சிடுச்சா சார்? நான் அப்பவே நெனச்சேன். இதைவிடப் பெரிய எஞ்சின் ஒண்ணு வந்திருக்கு” என்றார்.

“சின்னதைக் காட்டுங்க.”

“சார், அது பாதிதான் இழுக்கும்.”

“தெரியும்.”

“ரெண்டு மடங்கு நடை போகணும்.”

“போறேன்.”

ஜெயசீலன் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சின்ன வண்டியை வெளியே தள்ளிக்கொண்டு வந்தார். தெய்வநாயகம் இந்த முறை தாள் எதுவும் கொண்டுவரவில்லை. வண்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து பட்டையின் அகலத்தைக் கையால் அளந்தார். பெரிய வண்டிக்கு இருந்த அதே அகலம். எடை மட்டும் பாதிக்கும் கீழே. பட்டையின் பற்கள் அவ்வளவு கூர்மையாக இல்லை. தட்டு தாழ்வாக இருந்தது. துண்டுகளை நீளவாக்கில் அடுக்கினால் சரியாது.

“திரும்பும்போது ஒரு பட்டை ஒரேயடியா நிக்குமா, இல்ல மெதுவாக் கொறையுமா?”

“மெதுவாவும் கொறைக்கலாம் சார். கை பக்குவம்தான். யாரும் இதைக் கேட்டதில்லை.”

“கைப்பிடியை விட்டுட்டா?”

“அந்த நிமிஷமே நின்னுடும்.”

தெய்வநாயகம் கைப்பிடியைப் பிடித்து, வண்டியை நாலடி ஓட்டி, கையை எடுத்தார். நின்றது. மறுபடி ஓட்டினார். மறுபடி எடுத்தார். ஜெயசீலன் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“இது போதும்” என்றார் தெய்வநாயகம்.

குடிலுக்கு வந்து அவர் உடனே வேலையைத் தொடங்கவில்லை. நான்கு நாள் தரை வெயிலில் காயட்டும், ஊற்றும் தெளியட்டும் என்று காத்திருந்தார். அந்த நான்கு நாளும் வெறுங்காலோடு புல்வெளியில் நடந்தார். காத்தாயியைக் கூட்டிக்கொண்டு போய், விறகுச்சுமையோடு வரும்போது எங்கே கால் வைப்பாள் என்று கேட்டார். அவள் பெரியாளாகக் கையை நீட்டி நீட்டிக் காட்டினாள். “இங்க வைக்கலாம். இங்க வைக்கவே கூடாது, முழங்காலு வரைக்கும் இழுக்கும். நேத்து போன தடத்துல இன்னைக்குப் போகாதீங்க. அதுக்கும் ஓய்வு வேணுமில்ல?” அவள் காட்டிய இடத்திலெல்லாம் ஒரு குச்சியை நட்டார். ரொம்ப மெத்தென்று இருந்த இரண்டு இடங்களில் சீகைக் கிளைகளை நெருக்கமாகப் பரப்பினார். போக ஒரு வழி, வர ஒரு வழி என்று வட்டமாகப் பாதை போட்டதில், புல்வெளியில் எங்கேயும் சட்டென்று திரும்ப வேண்டிய தேவையே இல்லாமல் போனது.

பிறகு பாதிப் பாரம், பாதி வேகம். தரை அமுங்கினால் கையை எடுத்துவிட்டு நிற்பார். தரை நின்றதும் கிளம்புவார். தினமும் குச்சிகளை ஓரடி தள்ளி நட்டார். பதினொரு நாள் ஆயிற்று. விறகு இரண்டு பங்காகக் குடில் வாசலிலும் கீழ்வீடுகளிலும் அடுக்கப்பட்டது. நடுவில் ஒருநாளும் ஊற்று கலங்கவில்லை. கடைசி நாள் காத்தாயி ஒரு செம்பில் அந்தத் தண்ணீரைக் கொண்டுவந்து அவரிடம் கொடுத்து, அவர் குடித்து முடிக்கிறவரை இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தாள்.

மறுநாள் காலை உட்கார்ந்து எழுந்ததும் தெய்வநாயகம் சொன்னார்: “அம்மா, நான் மதுரைக்குப் போயிட்டு வர்றேன்.”

“என்ன பேசப் போறீங்க?”

“தெரியலம்மா.”

அம்மா உள்ளே போய் ஒரு மஞ்சப்பையில் பீன்ஸும் நாலு முட்டைக்கோசும் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். “பஸ்ல தூங்கிடாதீங்க. வளைவு ஜாஸ்தி, தலை முட்டும்.”

தேன்மொழி கதவைத் திறந்து ஒரு நிமிடம் அப்படியே நின்றாள். இளைத்திருந்தாள். பிறகு, “வாங்கப்பா” என்றாள். பையை வாங்கிக்கொண்டாள். மாப்பிள்ளை வேலைக்குப் போயிருந்தார்.

முதல் நாள் இரண்டு பேரும் அதிகம் பேசவில்லை. அவள் பீன்ஸை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது அவரும் ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். நறுக்குகிற விதத்தைப் பார்த்துவிட்டு அவள், “எங்க கத்துக்கிட்டீங்க?” என்று கேட்டாள். சொன்னார். மாலையில் அலமாரியின் மேல் ரத்த அழுத்த மாத்திரை அட்டை ஒன்று கண்ணில் பட்டது. இரண்டு மாத்திரை விட்டுப்போயிருந்தது. அவர் நாக்கு நுனிக்கு ஏழெட்டு வாக்கியங்கள் வந்துவிட்டன. எழுந்து போய் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டார். அதெல்லாம் திரும்பிப் போக ரொம்ப நேரம் பிடித்தது.

இரண்டாம் நாள் மதியம் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்.

“அவளுக்கு நான் பேர் வச்சிருந்தேன்ப்பா.”

தெய்வநாயகத்துக்கு நடந்தது நடந்துபோச்சு என்று சொல்லத்தான் வாய் வந்தது. சொல்லவில்லை.

“யாருக்கும் தெரியாது. இவர்கிட்டகூடச் சொல்லல. எல்லாரும் என்னென்னவோ கேட்டாங்க. பேர் என்னன்னு ஒருத்தர்கூடக் கேட்கல.”

அவர் காத்திருந்தார். அவள் கையில் இருந்த துண்டை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

“என்னம்மா பேர்?” என்றார் அவர்.

அவள் சொன்னாள். பிறகு அழுதாள். அழுதுகொண்டே இன்னும் சொன்னாள். தலைமுடி எவ்வளவு இருந்தது, காது யார் மாதிரி இருந்தது, ஒரு நர்ஸ் மட்டும் பத்து நிமிடம் கையில் வைத்திருக்க விட்டது, அந்தப் பத்து நிமிடத்தில் தான் அதன் ஒரு விரலை மட்டும் பிடித்துக்கொண்டே இருந்தது. சாயங்காலம் வரைக்கும் சொன்னாள். அவர் ஊடே ஒரு கேள்வி கேட்கவில்லை. கடைசியில் அவர் மடியில் தலைவைத்துத் தூங்கிப்போனாள். கால் மரத்துப்போயிற்று. அவர் அசையவில்லை.

மூன்றாம் நாள் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தாள். பஸ் கிளம்பும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “அடுத்த மாசம் வருவீங்களாப்பா?” என்று கேட்டாள். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

குடிலுக்கு வந்து சேர்ந்தபோது அம்மா அடுப்படியில் இருந்தார். அவருக்குத் தட்டு வைத்தார். சாப்பிட்டு முடிக்கிறவரைக்கும் பக்கத்தில் இருந்து பரிமாறினார். தெய்வநாயகம் கையைக் கழுவிவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்து, கதவு திறந்ததிலிருந்து ஜன்னல் கம்பி வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னார். சொல்லும்போது அவருக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் அதைத் துடைத்துக்கொள்ளவில்லை.

“ஒண்ணரை வருஷமா அவகிட்ட என்ன சொல்லலாம், எப்படிச் சொல்லலாம்னே யோசிச்சிட்டு இருந்தேன்மா. நான் ஒண்ணுமே சொல்லல. அவதான் சொன்னா.”

அம்மா தலையசைத்தார்.

“எவ்வளவு நல்ல பேர் தெரியுமாம்மா. அந்தக் குழந்தைக்கு அவ வச்ச பேரு…”

அம்மா சட்டென்று கையை நீட்டி அவர் கையைப் பிடித்தார்.

“என்கிட்ட வேணாம்ண்ணே. அந்தப் புள்ள அதை உங்ககிட்டதான் இறக்கி வச்சிருக்கா.”